மூன்றாம் தரம் கூப்பிடாத தம்பிக்கு

என் கைக்குள் வளர்ந்து என் கையை விட்டுப்போன நேசன் தம்பிக்கு,

ஆறு வருசத்துக்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "விசர் அக்கா, செத்த ஆளுக்கு ஆர் கடிதம் கொண்டுபோறது?" என்று நீ பகிடி பண்ணுவாய். பண்ணு. இதைப் பத்திரிகைக்குத்தான் கொடுக்கப்போகிறேன். எந்த வீட்டிலாவது ஒரு ஆள் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருந்தால் அந்த வீட்டுக்காரர் வாசிக்கட்டும். உன் வாயை அடைத்துவிட்டு நான் பேசுவது உனக்குப் பிடிக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். இந்த ஒரு தரம் பொறுத்துக்கொள்.

உன் கொட்டில் அப்படியே நிற்கிறது. படகு எஞ்சின்களை நீ கழற்றிப் போட்ட மேசையில் இப்போது கோழி அடைகிறது. என் தையல் மெசின் அதே யன்னலடியில் இருக்கிறது. யன்னலுக்கு வெளியே உன் கொட்டில், அதற்குப் பின்னால் சேற்றில் வேர்விட்ட கண்ணா மரங்கள், அதற்குப் பின்னால் வாவி. நம்ம சொந்தக்காரர் எவரும் உன் வேலையைத் தொடவில்லை. ஒரு எஞ்சினுக்குக் காது வைத்துக் கேட்டே இன்னதுதான் பழுதென்று சொல்லுகிற ஆள் இந்தக் கரையில் உனக்குப் பிறகு இல்லை என்று ஓட்டமாவடி ரஹீம் காக்கா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

உனக்கு அந்த நோ தொடங்கியபோது இருபத்தெட்டு வயது. மேல்வயிற்றில் பிடித்து முதுகால் வெளியே போகிற நோ. ஸ்கான் எடுத்த டொக்டர், "சதையிக்குள்ள கல்லு" என்றார். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கிற உறுப்பு அது என்றும், தின்பதைச் செமிக்கவைப்பதும் உடம்பில் சீனியை அடக்கிவைப்பதும் அதன் வேலை என்றும் கடதாசியில் படம் கீறிக் காட்டினார். மாறாது, பத்தியமாக இருந்து சமாளிக்கவேண்டும் என்றார். சாப்பாட்டோடு விழுங்கக் குளிசை தந்தார். பிறகு சீனி வருத்தமும் வந்து, வயிற்றில் ஊசியும் போட வேண்டியதாயிற்று.

இதெல்லாம் ஊருக்கு விளங்குமா? ஊருக்கு விளங்கியது ஒன்றுதான். "குடிச்சுக் குடிச்சே வயித்தக் கெடுத்துப்போட்டான் பொடியன்" என்று பக்கத்து வளவுப் பூமணி மாமி வேலியடியில் நின்று சொன்னா, உனக்குக் கேட்கும்படியாகவே. நீ சாராயப் போத்தலை மணந்துகூடப் பார்த்ததில்லை. ரஹீம் காக்கா கடைச்சந்தியில் நின்று, "வல்லாஹி, இந்தப் புள்ள ஒரு சொட்டுக் குடிச்சத நான் காணல்ல" என்று சத்தம் போட்டார். அவருக்குத் தெரியாமல் குடிக்கிறாய் என்று சொல்லிச் சிரித்தார்கள். நீ அதற்குப் பிறகு சந்திக்குப் போவதை விட்டாய்.

பிறகு கலியாண வீடுகளை விட்டாய். எண்ணெய்ச் சாப்பாடு தின்றால் கக்கூசுக்கு ஓடவேண்டும், மணக்கும், வெட்கம். பிறகு சாப்பாட்டையே விட்டாய், தின்றால் நோகும் என்ற பயத்தில். இரவில் நித்திரை இல்லை. எஞ்சினைக் கொண்டுவந்தவர்களிடம் "பிறகு பார்ப்பம்" என்று சொல்லி, பார்க்காமலே விட்டாய். கடைசியில் பேச்சையும் விட்டாய். ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நோவுக்காரன், அப்படித்தான் இருப்பான் என்று நினைத்தேன் மூதேவி நான்.

கிளினிக்கில் அந்த இளம் டொக்டர் பிள்ளை உன்னைப் பார்த்துக் கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? "மனசு எப்பிடி இருக்கு? ஒண்டிலயும் விருப்பமில்லாம, வாழ்க்கை வெறுத்த மாதிரி இருக்கா?" நீ நிமிர்ந்து அவளைப் பார்த்தாய். வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டு, "அப்பிடி ஒண்டுமில்ல டொக்டர், தம்பி நல்ல தைரியசாலி" என்றேன். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு விசர் என்று மருந்துத்துண்டில் எழுதிவிடுவார்களோ என்ற பயம். நீ திரும்பக் குனிந்துகொண்டாய். அன்றைக்கு என்ன சொல்ல வாய் எடுத்தாய், நேசன்?

உச்சிவெயிலில் நீ வாவிக்கரையில் தனியே போய் இருக்கத் தொடங்கியபோது பூமணி மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தா. "இது வருத்தமில்லகா. ஆத்தடிப் பார்வை பட்டிருக்கு. கண்ணப் பாரு, அதுக்குள்ள அவன் இல்ல." அவ சொன்னதில் பாதி உண்மை. உன் கண்ணுக்குள் நீ இல்லைத்தான். மீதிப் பாதிக்காக நான் பேயோட்டுகிற கட்டாடியாரைக் கூட்டிவந்தேன். நீ மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு கதை.

பேயை விரட்டக் கழிப்புக் கழித்த அந்த மாலைப்பொழுது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கட்டாடியார் அரிசிமாவில் உன் அளவுக்கு அல்ல, ஒரு கைக்குழந்தை அளவுக்குப் பாவை பிடித்தார். உன் சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்து அதற்குக் கட்டினார். "எங்க நோகிற?" என்று கேட்டார். நீ காட்டிய இடத்தில் பாவையின் வயிற்றில் பெருவிரலால் அழுத்திக் குழி வைத்தார். அந்த நேரம் நீ "அம்மா" என்று முனகினாய். அவர் கை உன்மேல் படவே இல்லை. பாவையை வாழைமட்டைத் தட்டில் கிடத்தி வாவியில் விட்டோம்.

திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "நாப்பத்தொரு நாளைக்கு, உச்சிப்பொழுதிலயும் பொழுதுபடுற நேரத்திலயும் ஆர் கூப்பிட்டாலும் ஒரு தரம் ரெண்டு தரத்துக்கு வாய் திறக்கப்படாது. போனது உங்கட ஆக்கள்ர குரல்லதான் திரும்பி வரும். அதுகளுக்கு மூணு தரம் கூப்பிட ஏலாது. மூணாம் தரமும் கூப்பிட்டா அது மனிசன், அப்ப ஏனெண்டு கேளுங்க."

நம்ம ஆக்களில் இது அறியாத ஒன்றா? சின்ன வயதில் அம்மாவும் இதைத்தான் சொல்லித் தந்தவ. ஆகவே நான் நம்பினேன். உனக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னால் உனக்குள் இருப்பதும் கேட்டுவிடும் என்று கட்டாடியார் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை நான் சட்டிபானை கழுவக் கரைக்குப் போனபோது அந்தத் தட்டு திரும்பி வந்து நம்ம துறையிலேயே நின்றது. பாவையின் முகத்தை மீன் தின்றிருந்தது. கையும் காலும் கரைந்துவிட்டன. வயிறு மட்டும் கிடந்தது, அந்த விரல் குழியோடு. நான் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு தடியால் அதை ஆழத்துக்குத் தள்ளிவிட்டேன். இதை உனக்கு இன்றைக்குத்தான் சொல்லுகிறேன்.

பதினோராம் நாள். உச்சிப்பொழுது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தேன். கொட்டிலில் இருந்து "அக்கா" என்றாய். நான் மெசினில் இருந்து காலை எடுத்தேன். கொஞ்ச நேரம் போனது. "அக்கா" என்றாய் திரும்பவும், முதலாவதைவிட மெதுவாக. நான் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். தம்பி, நான் காத்திருந்தேன். கூப்பிடடா, கூப்பிடடா என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு இருந்தேன். நீ கூப்பிடவில்லை. அப்படியானால் அது நீயில்லை என்று நினைத்துக் காலைத் திரும்ப மெசினில் வைத்தேன். ஒரு கழுத்துப்பட்டியை முழுதாகத் தைத்து முடித்தேன்.

பிறகு வந்து பார்த்தபோது வழக்கம்போலத் தலையணையை அணைத்துக்கொண்டு கூனி இருந்தாய். நித்திரை என்று நினைத்தேன். உடம்பெல்லாம் வேர்த்துக் குளிர்ந்திருந்தது. ஊசி போட்டிருந்தாய். நான் மூடிவைத்த சோறு தொடாமல் கிடந்தது. சீனி சடாரென்று இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடனே ஒரு கரண்டி சீனி வாயில் போட்டிருந்தால் போதுமாம், நேசன். என் குசினிக்குள் இருந்தது. கொட்டிலில் இருந்து இருபது எட்டு.

சாப்பிட மறந்தாயா? தின்றால் நோகும் என்று விட்டாயா? இல்லை, போதும் என்று நினைத்தாயா? இந்த மூன்றையும் ஆறு வருசமாகப் புரட்டிப் பார்க்கிறேன். எதுவானாலும் கடைசியில் அக்காவைக் கூப்பிட்டாய். அதை நினைக்கும்போது எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, நெஞ்சு வெடிக்கும்போலவும் இருக்கிறது. என்னிடம் கேட்காத கேள்விக்கு ஓடிப்போய்ப் பதில் சொன்னவள், கூப்பிட்ட குரலுக்கு வாய் திறக்காமல் இருந்தேன். இரண்டு தரம் நீ கூப்பிட்டதை நான் என் புருசனுக்கும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைக்கும் சொல்லவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து இரண்டாம் கிழமை அது தொடங்கியது. உச்சிப்பொழுதில், மெசினை நிற்பாட்டுகிற நேரம், கொட்டிலில் இருந்து "அக்கா." கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "அக்கா." அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் இல்லை. மழைநாளில் இல்லை. நான் மெசினை நிற்பாட்டாமல் மிதிக்கப் பழகினேன். துணி இல்லாவிட்டால் வெறும் ஊசியையாவது ஓடவிடுவேன்.

இப்போது வீட்டுப் புதினத்துக்கு வருகிறேன். என் மகள், உன் மருமகள் தர்சிக்கு இருபத்தொரு வயது. வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறாள். நீ பார்த்தால் நம்பமாட்டாய், அம்மாவின் அதே நாடி, உன் அதே பிடிவாதம். அவளுக்கு இரண்டு வருசத்துக்கு முன்னம் வயிறு நொந்தது. மேல்வயிற்றில் பிடித்து முதுகால் போகிற நோ. ஸ்கான் எடுத்த டொக்டர் வாய் திறக்க முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. சில குடும்பங்களில் இப்படித் தொடருமாம்.

ஒருநாள் வந்து பார்க்கிறேன், உன் கொட்டில் வாசலில், நீ இருந்த இடத்தில், நீ இருந்த மாதிரியே கூனி இருக்கிறாள். மடியில் உன் தலையணை. உன் முழங்கை பதிந்த இரண்டு குழியும் அதில் அப்படியே கிடக்கிறது, அவள் முழங்கை அதற்குள் அளவாக இருக்கிறது. அந்தத் தலையணையை நான் கற்பூரம் போட்டு அலுமாரிக்குள் பூட்டிவைத்தவள். "இத ஆர் எடுத்துத் தந்தது?" என்று கத்தினேன். "இஞ்சதான் கிடந்திச்சு, ஏம்மா கத்துறீங்க?" என்றாள். போய்ப் பார்த்தால் அலுமாரி பூட்டியபடி இருந்தது. திறப்பு என் இடுப்பில்.

அதற்குப் பிறகு அவளும் ஒவ்வொன்றாக விட்டாள். சிநேகிதிகளை, சாப்பாட்டை, சிரிப்பை. "எப்பிடி மகள் இருக்கு?" என்று கேட்டால் "இருக்கன்" என்பாள். காலை பஸ்ஸில் ஏறிக் கம்பஸுக்குப் போகிறாள், பின்னேரம் வருகிறாள், படிக்கிற பிள்ளைக்கு யோசனை இருக்கும்தானே என்று நானும் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தரம் பட்டும் புத்தி வராத பிறவி.

போன மாசம் ஒரு உச்சிப்பொழுது. நூல் அறுந்து, கோர்ப்பதற்காக மெசினை நிற்பாட்டினேன். "அக்கா" என்றாய்.

கொட்டிலில் இருந்து அல்ல. அதற்கும் அப்பால், கண்ணா மரங்களுக்குப் பின்னால் இருந்து. ஏன் அன்றைக்கு எழும்பினேன் என்று எனக்குத் தெரியாது. பேயென்றால்தான் என்ன, என் தம்பிப் பேய்தானே என்று ஒரு கோபம் வந்தது. "ஓம், வாறன்" என்று கத்திக்கொண்டு ஓடினேன். செருப்பும் போடவில்லை.

துறையில் தர்சியின் கம்பஸ் பையும் சப்பாத்தும் பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக வைத்துக் கிடந்தன. அவள் முழங்காலளவு தண்ணீரில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கிழமையாகக் கம்பஸுக்கே போகவில்லையாம். அடுத்த பஸ் தரிப்பில் இறங்கி, கரையோரமாகத் திரும்பி வந்து, என் யன்னலுக்கு நேரே மரங்களுக்குப் பின்னால் பின்னேரம்வரை இருப்பாளாம். நான் மிதிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்குமாம்.

தண்ணீருக்குள் இறங்கி அவள் கையைப் பிடித்தேன். கை உன் கை மாதிரிக் குளிர்ந்திருந்தது. "நீயா மகள் கூப்பிட்டாய்?" என்று கேட்டேன்.

"நான் கூப்பிடல்லம்மா" என்றாள், என்னைப் பார்க்காமல். "கூப்பிட்டாலும் நீங்க வரமாட்டீங்க. மாமா ரெண்டு தரம் கூப்பிட்டும் நீங்க வரல்லயாம்."

அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. "ஆர் சொன்ன உனக்கு?" என்றேன். அவள் வாவிப் பக்கமாகத் தலையை அசைத்தாள். அவ்வளவுதான்.

நான் அங்கேயே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டேன், சேலையோடு. "மெய்தான் மகள், வரல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாவையை, கட்டாடியாரை, பல்லில் கடித்த நூலை, ஒரு கழுத்துப்பட்டியை. சொல்லச் சொல்ல அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கட்டத்தில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. "எனக்கு இருக்க ஏலாம இருக்கும்மா. நோவால மட்டுமில்ல. நோ இல்லாத நாளும் அப்பிடித்தான்" என்றாள். நான் தைரியமாக இரு என்று சொல்லவில்லை. கடவுளே என்றுகூடச் சொல்லவில்லை. "சொல்லு, கேக்கிறன்" என்று மட்டும் சொன்னேன். பொழுது சாயும்வரை கேட்டேன்.

அடுத்த நாளே கிளினிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார். என் வாய் பழக்கதோசத்தில் திறக்கப் பார்த்தது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டேன். தர்சி சொல்லத் தொடங்கினாள். வாவிப் பக்கம் இருந்து கேட்கிற குரலையும் சொன்னாள். டொக்டர் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை, எழுதிக்கொண்டார். இந்த வருத்தக்காரரில் கனபேருக்கு மனசும் சேர்ந்து நோயாகும் என்றார். ஓயாத நோ, நித்திரையின்மை, சாப்பாட்டுப் பயம் எல்லாம் மனசைத் தின்னும், மனசு விழுந்தால் நோ இன்னும் கூடும், ஆகவே இரண்டுக்கும் மருந்து வேண்டும் என்றார். விசரும் இல்லை, பார்வையும் இல்லை, அவளில் பிழையும் இல்லை என்றார். உனக்கும் இதைச் சொல்லியிருப்பார்கள் தம்பி, நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்.

இப்போது மனசுக்குக் குளிசை போடுகிறாள். கிழமைக்கு ஒருக்கால் மனநல ஆலோசனை சொல்லுகிற ஒரு மிஸ்ஸிடம் போய்க் கதைக்கிறாள். இரண்டு நாள் நல்லாக இருப்பாள், மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஆனால் கூப்பிடுகிறாள். "அம்" என்னும்போதே நான் "ஓம்" என்று எழும்பிவிடுவேன். "சும்மா கூப்பிட்டுப் பார்த்தன்" என்று கள்ளச் சிரிப்புச் சிரிப்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சோதித்துப் பார்க்கிறாள் கழுதை. நான் தைக்கிற கழுத்துப்பட்டி எல்லாம் கோணலாகப் போகிறது. போகட்டும்.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். அன்றைக்கு என்னை அவளிடம் அனுப்பியது நீ. அது எனக்குத் தெரியும், ஆர் சொன்னாலும் மாறமாட்டேன். அப்படியானால் மூன்று கிழமையாக அவளை அந்தத் துறைக்குக் கூப்பிட்டது ஆர்? அதுவும் உன் குரல்தான் என்கிறாள். தனிமையில் இருந்தாயா? துணை தேடினாயா? பிறகு மனம் மாறி என்னைக் கூப்பிட்டாயா? இல்லை, நான் தடியால் தள்ளிவிட்ட அந்த முகமில்லாதது உன் குரலை எடுத்துக்கொண்டதா?

நேற்று உச்சிப்பொழுதில் மெசினை வேணுமென்றே நிற்பாட்டினேன். "அக்கா" என்றாய். "ஓம் தம்பி, சொல்லு" என்றேன். இரண்டாவது வரவில்லை. காத்திருந்து பார்த்தும் வரவில்லை. எஞ்சின் எண்ணெய் மணம் மட்டும் யன்னலால் வந்து கொஞ்ச நேரம் நின்றது. அறைக்குள் இருந்து தர்சி, "ஆரோட அம்மா கதைக்கிறீங்க?" என்று கேட்டாள். அவளுக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்ல.

ஆகவே கேள். நான் உனக்கு மூத்தவள், சொல்லுகிறேன். அவள் பெயர் உன் வாயில் வரப்படாது. கூப்பிட வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு. கொட்டிலில் நின்று கூப்பிடு, துறையில் நின்று கூப்பிடு, தண்ணீருக்குள் நின்றும் கூப்பிடு. அது நீயா, வேறொன்றா என்று எண்ணிக்கொண்டு இருக்கமாட்டேன். ஒரு தரம் போதும். கையில் ஒரு கரண்டி சீனியோடு வருவேன்.

ஒரு தரத்துக்கே எழும்பி வரப் பழகிவிட்ட,
உன் அக்கா.